ஒக்கலிபுரத்தில் மட்டும் இரண்டு பாட்டு

தொண்ணூற்றொன்றில் காக்ஸ் டவுனில் எங்கள் சபையில் வீடு சந்திப்பு ஊழியம் தொடங்கியபோது, பாடுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? ஆலயத்தில் நான் மேல் ஸ்தாயியில் ஒரு கீர்த்தனையை எடுத்தால் முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரியாத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நானும் அக்காவும் பஸ் ஏறுவோம். ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போவதுதான் வேலை. நான் ஒரு பாட்டு, அக்கா ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், பிறகு காபி. அக்கா கூடப் பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்த டீச்சர். கட்டைக் குரல். அவர் ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் கிடைத்துவிடும்.

கடைசி வீடு ஒக்கலிபுரத்தில். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் போய், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். காது கொஞ்சம் மந்தம். மகள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். நான் கண்ணை மூடி உருகிப் பாடி முடித்ததும், "சரிம்மா, பாட்டு ஒண்ணு பாடேன்" என்பார். ஒன்று போதவில்லை பாவம் என்று இன்னொன்று பாடுவேன். அது முடிந்ததும் பொறுமையாக அக்கா பக்கம் திரும்பிவிடுவார். எல்லா வீட்டிலும் ஒரு பாட்டு, அவருக்கு மட்டும் இரண்டு. பஸ்ஸில் திரும்பும்போது இதை எத்தனை தடவை அக்காவிடம் சொல்லியிருப்பேனோ!

என் கணவரின் கம்பெனி மூடினபோதும், பெரியவளுக்கு மஞ்சள் காமாலை வந்து தேறிய வாரமும் நான் சனிக்கிழமையை விடவில்லை. அதிலும் எனக்குப் பெருமைதான்.

எட்டு வருஷம் ஓடிய பிறகு கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல் போகலாம் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். போயே போய்விட்டது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது வேறு யாருடைய குரலோ. ஆட்டுரலில் அரிசி அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அழுது தீர்த்தேன். கட்டியை வைக்க உமக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன்.

"வேற ஆள் பாத்துக்கோங்கக்கா" என்றேன்.

"பாட்டு இல்லாட்டி போவுது. நீ வா."

"சும்மா உக்காந்து காபி குடிக்கவா?"

போகவில்லை. ஐந்தாறு மாதம் சனிக்கிழமை தோறும் வீட்டில் அலமாரியை அடுக்கினேன். "உன் ஊழியம் இப்ப எங்க மேலதான் நடக்குது. போயிட்டு வா தாயே" என்று கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை அக்காவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "கார்டு ஐயா வாசலையே பாத்துட்டு இருப்பாரு. இந்த வாரம் மட்டும் போ" என்று போன் செய்தார். மறுக்க முடியவில்லை. ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு அடுத்த பஸ் பிடித்துவிடலாம் என்று போனேன்.

உட்கார்ந்ததுமே, "சரிம்மா, பாட்டு ஒண்ணு பாடேன்" என்றார்.

தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். அவர் விடுவதாக இல்லை. கேட்டபின் தானாக விட்டுவிடுவார் என்று அந்தக் கரகரப்பிலேயே ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. சரணத்தில் அவரும் சேர்ந்துகொண்டார்.

"ஏம்மா, இவ்ளோ நல்லா பாடுறியே! இத்தன வருஷமா ஏன் வாய மட்டும் அசைச்சிட்டு இருந்த? கூச்சமா?"

சமையலறையிலிருந்து காபியோடு வந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பாவுக்குக் கீச்சுன்னு மேல போற எந்தச் சத்தமும் கேக்காதுக்கா. காலிங் பெல்லே கேக்காது. உங்க கூட வர்ற டீச்சரம்மாவுக்குக் கட்டக் குரல், அவங்க ஜெபம் மட்டும் நல்லா கேக்கும்."

"ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? நீங்க அவ்ளோ உருகிப் பாடுவீங்க."

எட்டு வருஷத்துப் பெருமை அந்தக் காபி ஆறுவதற்குள் கரைந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கழுத்துத் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகு நாளாகியிருந்தது. எதற்கென்று புரியாமலே அவரும் கூடச் சிரித்தார். இத்தனை காலம் யாருக்காகப் பாடினேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு, "இன்னொண்ணு பாடும்மா" என்றார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் இன்னொன்று அது. அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டுப் பாடினேன்.