கம்பளி மூலையில் ஒரு கிளி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு மழைக்கென்று ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். தலையில் முக்காடாகப் போட்டால் கணுக்கால்வரை தொங்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, நனைந்தால் ஒரே நாற்றம். மாறிப் போனால் நாங்கள் குடியிருக்கிற லயமே இரண்டுபடும் என்பதால் அவரவர் கம்பளியின் மூலையில் நூலால் ஓர் அடையாளம் தைத்து வைத்திருப்பார்கள். அம்மாவுடையதில் இரண்டு வெள்ளைக் கோடு. பக்கத்துக் காம்பராக்காரியுடையதில் சூலம். அத்தையுடையதில் சிவப்பு நூலில் ஒரு கிளி. அதைக் கிளி என்று சொன்னது அத்தை மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அது கோழியாகத்தான் தெரிந்தது. அப்பா ஒருபடி மேலே போய், அடைகாக்கிற கோழி என்பார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இரண்டு பேரும் கப்பலேறி வந்த சில வருஷங்களிலேயே அடுத்தடுத்துப் போய்விட, அப்பாதான் அவளை வளர்த்தார். பொகவந்தலாவையில் எங்கள் லயத்து வரிசையில், ஓர் அறைதான் உள்ள காம்பரா ஒன்றில் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நான்கு பேர். படுத்தால் யாருடைய கால் யார்மேல் என்று தெரியாது. எனக்கு அப்போது எட்டு வயது. கீழ்நாட்டில் மலேரியா ஆட்களை அள்ளிக்கொண்டு போன வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது.

அத்தையை அம்மாவின் தம்பிக்குக் கட்டி வைப்பதாக எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். அந்த மாமா உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வந்தால் வாய் திறக்க மாட்டார், சாப்பாட்டுக்கு மட்டும் திறப்பார். அவர் வந்து போகிற நாளெல்லாம் அத்தைக்குத் தலைவலி வரும்.

அந்த மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுகிறவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. றொசல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். சேலை கட்டி, சவரி முடி வைத்து, எரிந்து போன மன்மதனுக்காக அந்த ஆள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது பெண்கள் கூட்டத்தில் ஒரு கண்ணும் காயவில்லை. எங்கள் அத்தை அதற்கும் மேலே போய் அந்த ரதியிடமே மனதைக் கொடுத்துவிட்டாள். மீசை மழித்த முகத்தில் அப்படி என்னத்தைக் கண்டாளோ தெரியாது. அவர் வேறு சாதி. அந்தக் காலத்தில் அதற்குமேல் பேச்சு கிடையாது. பிறகு இரண்டு மூன்று தடவை அந்த ஆளைக் கடைத் தெருவில் பார்த்தேன். அத்தை எனக்குச் சீனிமிட்டாய் வாங்கிக் கொடுத்து வேறு பக்கம் பார்க்கச் சொன்னாள். நானும் பார்த்தேன்.

ஆனி மாதத்து மழை எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டு வராது. அன்றைக்கு வேலைக்குப் போகாத அம்மா கொடுத்தனுப்ப, மத்தியானம் அத்தைக்குத் தகரப் போணியில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்வதற்குள் காற்று சுழற்றி அடிக்கத் தொடங்கிவிட்டது. சவுக்கு மரம் ஒன்று முறிந்து விழுந்ததும் கங்காணி வேலையை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார். பெண்கள் கூடையோடு ஓடினார்கள். அத்தை மட்டும் என்னை ஒரு பாறை மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே தன் கம்பளியைக் கழற்றி என் தலையில் போட்டுச் சுற்றினாள். அவளுடைய உதடு நடுங்கியது. குளிரால் என்று நினைத்தேன்.

"மருமகளே, நான் சொல்றத நல்லாக் கேளு. நாளைக்குக் காலையில அப்பா பெரட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி இதச் சொல்லணும். இன்னைக்குச் சொல்லக் கூடாது. அத்த றொசல்லைக்குப் போயிருக்கேன். ஸ்டேசனுக்கு மேல இருக்கிற லயத்துல, அவுங்க அக்கா வீட்டுல இருப்பேன். மூணு நாளைக்குத் தாலி கட்ட மாட்டோம். அண்ணன் வந்து கையப் புடிச்சுக் குடுக்கணும்னு காத்திருப்பேன்னு சொல்லு. அடிச்சாலும் பரவால்ல, வரச் சொல்லு."

என்னை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். நான் பிசகாமல் சொன்னேன். "கம்பளிய அம்மாகிட்ட குடுத்துரு. ரோட்டைச் சுத்திப் போ, பாலத்துப் பக்கம் போகாத" என்றாள். பிறகு கட்டியிருந்த சேலையோடு, வெறுந்தலையோடு, மழைக்குள் இறங்கிக் கடைத் தெருப் பக்கமாகப் போனாள்.

ரோட்டைச் சுற்றினால் அரை மணி நேரம். பாலத்தால் போனால் ஐந்து நிமிஷம். அது பாலமுமல்ல, ஆற்றுக்குக் குறுக்கே கிடத்தியிருந்த ஒற்றை மரம். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு போனது. நான் பாதி மரம் கடந்தபோது காற்று கம்பளியைப் பிடித்து இழுத்தது. கம்பளியைப் பிடித்திருந்தால் நானும் போயிருப்பேன். கையை விட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீரில் விழுந்து, ஆள் ஒருவர் குப்புறப் படுத்திருப்பது போல மிதந்து, கீழே போய்விட்டது.

வீட்டுக்கு வரும்போது எனக்கு இரண்டே இரண்டு பயம். போகக் கூடாதென்ற பாலத்தில் போனது ஒன்று, கம்பளியைத் தொலைத்தது ஒன்று. அம்மாவின் கை சாதாரணக் கை அல்ல. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு மண்சட்டியை உடைத்ததற்குக் கூடைக் கயிற்றால் வாங்கியிருந்தேன், தழும்பு இன்னும் மறையவில்லை. அத்தை எங்கே என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். மலையில் பார்த்தாயா என்றாள். பார்த்தேன், வேலை விட்டதும் எல்லாரோடும் இறங்கிவிட்டாள் என்றேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வருகிறது.

இருட்டும் வரை அப்பாவும் லயத்து ஆம்பிளைகளும் மழையில் தேடினார்கள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு அப்பா போகவில்லை. அதனால் "பெரட்டுக்கு முன்னாடி" என்று அத்தை சொன்ன நேரம் வரவே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று பத்து மணிக்குமேல் ஆற்றுக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் ஏறி வந்தார். அவருடைய தடியில் சேறு சொட்டச் சொட்ட ஒரு கம்பளி தொங்கியது. பாறை இடுக்கில் சிக்கியிருந்ததாம். அம்மா மூலையைத் தேடிப் பிடித்துத் திருப்பினாள். சிவப்பு நூல் அப்படியே இருந்தது. பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அனே, பவ்" என்று சிங்களத்தில் பாவப்பட்டார்.

அம்மா போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்பா அழவில்லை. கம்பளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோழியை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குள் கங்காணி வீட்டு அம்மா, கால் தவறி விழுந்தாளோ, பிடிக்காத கல்யாணத்துக்காக விழுந்தாளோ என்று ஒரு வார்த்தையை மெல்ல விட்டுவிட்டுப் போனாள். அப்பா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

"புடிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவ கேட்டவனுக்கே கட்டி வெச்சிருப்பேனே. சாதியாவது மண்ணாவது."

நான் அவரிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்றேன். அத்தை சொல்லிக் கொடுத்தது முழுவதும் என் நாக்கில் இருந்தது. றொசல்ல. ஸ்டேசனுக்கு மேலே லயம். மூன்று நாள். இதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை என்பதை நான் இன்றைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னால் கம்பளி ஆற்றுக்கு எப்படிப் போனது என்று கேட்பார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒரு தடவை வாயைத் திறந்தேன். "அப்பா, அத்த..." என்று தொடங்கினேன். அவர் என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினார். அம்மா வந்து என் தலையைத் தடவி, நீயாவது பத்திரமாக வந்து சேர்ந்தாயே என்றாள். அம்மா என்னை அப்படித் தடவிக் கொடுப்பது அபூர்வம். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

உடல் கிடைக்கவில்லை. தேடுவதற்குத் தோட்டத்துத் துரை இரண்டு நாள்தான் விட்டார். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மானாப்புல்லால் அத்தை உயரத்துக்கு ஓர் உருவம் கட்டி, மஞ்சள் பூசி, அவளுடைய கம்பளியைப் போர்த்திச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தப்படித்தார்கள். தீ வைப்பதற்கு முன்னால் அப்பா கத்தியால் கம்பளியின் அந்த மூலையை மட்டும் அறுத்து மடியில் கட்டிக்கொண்டார். புல் உடனே எரிந்து போனது. நனைந்த கம்பளி எரிய மறுத்து வெகுநேரம் புகைந்தது. எனக்கு அது சீக்கிரம் எரிந்து முடிய வேண்டும் என்று இருந்தது. எரிந்துவிட்டால் அதைப் பற்றி இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அன்றோடு அத்தை சொன்ன மூன்று நாளும் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. உடப்புசல்லாவை மாமா வந்து, வழக்கம்போல ஒன்றும் பேசாமல், இந்தத் தடவை சாப்பிடாமலும் போனார். வேறு தோட்டத்து ஆள் ஒருவருக்கும் எங்கள் அத்தைக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

மாசி திரும்ப வந்தது. காமனுக்குக் கம்பம் ஊன்றிய இரண்டாம் நாள் காலையில் அத்தை வந்தாள். எட்டு மாத வயிறு. தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். அவளுக்குத் தாய் வீடு எங்கள் காம்பராதான். இத்தனை மாதத்தில் அண்ணனுக்குக் கோபம் ஆறியிருக்கும் என்று நம்பி வந்திருக்கிறாள். அவளை முதலில் கண்டது அம்மா. கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டுப் பேய் என்று அலறினாள். லயத்துச் சனம் கூடிவிட்டது. வெயில் அடிக்கிறது, நிழல் விழுகிறது, பேயில்லை என்று யாரோ சொன்னார்கள். யாரும் கிட்டே போகவில்லை. கொள்ளி வைத்துக் கருமாதி முடித்த ஆள் வாசல்படி ஏறினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பேசிக்கொண்டார்கள்.

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி தூரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு, கம்பளி, மானாப்புல், பதினாறாம் நாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கம்பளி என்ற சொல் வந்ததும் அவள் கண் என்னைத் தேடியது. நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

அப்பா வெளியே வந்தார். எட்டு மாதத்தில் அவர் முடி பாதி வெளுத்திருந்தது.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றார். "யார்கிட்டயாவது?"

அத்தை என்னையே பார்த்தாள். அவள் வாய் திறந்தது. கூடைக் கயிறு எந்த ஆணியில் தொங்கியது என்று எனக்குத் தெரியும். என் முதுகு அப்போதே எரியத் தொடங்கிவிட்டது.

"இல்லண்ணே" என்றாள். "யார்கிட்டயும் சொல்லல. எம் புத்தி கெட்டுப் போச்சு."

அப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். பிறகு வேற்றுப் பெண் ஒருத்தியிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னார். "எந் தங்கச்சிய நான் நெருப்புல வெச்சுட்டேம்மா. எங்கள இத்தன கண்ணீர் விட வெச்சுட்டு இருந்தவ யாருன்னு எனக்குத் தெரியல. போயிருங்க."

போயிருங்க என்றார். அத்தை அவர் காலைத் தொடக் குனிந்தாள், வயிறு இடித்தது, பாதியில் நிமிர்ந்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அம்மா ஒரு சிரட்டையில் ஊற்றித் தரையில் வைத்தாள். குடித்துவிட்டு, "வர்றேன் மருமகளே" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ரோட்டுத் திருப்பத்தில் ஒரு குடையோடு அந்த ஆள் காத்திருந்தார். ரதியின் முகம் இருந்த இடத்தில் இப்போது மீசை வளர்ந்திருந்தது.

சித்திரையில் சேதி வந்தது. பிள்ளை குறுக்கே நின்றுவிட்டதாம், இரண்டு உயிரும் தங்கவில்லையாம். சொல்ல வந்தவரை அப்பா உட்காரச் சொல்லிக் கேட்டார். "ஒருத்திக்கு எத்தன தடவ கொள்ளி வெக்கிறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்கு வேலைக்குப் போனார். அவர் இறந்த பிறகு அவருடைய பெட்டியில், வேட்டிக்கு அடியில், ஒரு கறுப்புக் கம்பளித் துண்டு கிடைத்தது. அப்போதும் அது கோழியாகத்தான் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அத்தை வந்து போன அன்றைய மத்தியானத்தை. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் ஒரு முழு ரொட்டியும் தின்றேன். அடி தப்பிவிட்டது. அவ்வளவு கவனமாக இரண்டு தடவை சொல்ல வைத்து, பாறை மறைவில் என்னிடம் செய்தி சொல்லி அனுப்பியதையே அத்தை மறந்து போனாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளை உண்டானால் பெண்களுக்கு மறதி வரும் என்று பக்கத்துக் காம்பராக்காரி எப்போதோ சொல்லியிருந்தாள். அதுதான் காரணம் என்று நினைத்து, அந்த மறதிக்காகச் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காமன் கூத்துப் பார்க்க ஓடினேன்.