வராத பாகாலைக் கூப்பிட்ட துலுக்கானம்

பட்டாபிராமில் துலுக்கானத்துக்கு இரண்டு பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டும்போது வெறும் துலுக்கானம். ஆடி மாதம் பம்பை அடித்துவிட்டால் பொன்னியம்மன். அந்த ஒரு மாதம் ஃபோர்மேன்கூட அவனிடம் குரலை உயர்த்த மாட்டார்.

எண்பத்தேழு கோடையில், தண்ணீர் லாரி வருகிற நாளே திருநாள் என்றாகியிருந்தபோது, பக்கத்துத் தெரு சர்ச்சின் உபதேசியார் ஞானமுத்து அவனைத் தேடி வந்தார். எலியா நாடகம் போடுகிறார்களாம். மழை பொய்த்த தேசத்தில், மலைமேல் ஒரு போட்டி. எந்தச் சாமி வானத்திலிருந்து நெருப்பை இறக்குகிறதோ அதுவே தெய்வம். எலியா ஜெயிப்பார். தோற்கிறவர்கள் கானான் தேசத்து மழைச்சாமியான பாகாலின் பூசாரிகள். தலைமைப் பூசாரியாக ஆடச் சபையில் ஒருவனுக்கும் உடம்பு வளையவில்லை. துலுக்கானம் சரியென்றான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

முதல் ஒத்திகையில் மேளம் கேட்டதுமே அவன் உடம்பு உதற ஆரம்பித்தது. உபதேசியார் ஓடிவந்து பிடித்து நிறுத்தினார்.

"வரக் கூடாதுப்பா. நீ கூப்பிடுற, சாமி வரல. அதான் கதை."

"கூப்ட்டா வராத சாமிய இன்னாத்துக்கு உபதேசியாரே கூப்புடணும்?"

அடுத்த ஒத்திகையிலும் அதே உதறல், அதற்கடுத்ததிலும் அதேதான். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். துலுக்கானத்துக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சாமியை வரவழைக்கத் தெரிந்தவனைக் கூட்டிவந்து, வரவழைக்காதே என்று உயிரை எடுத்தால் மனிதன் என்னதான் செய்வான்?

"யாருங்க இந்த பாகாலு?" என்று எரிச்சலோடு கேட்டான்.

அவர் படித்ததைச் சொன்னார். பாகால் மேகத்தின்மேல் ஏறி வருகிறவன், இடி அவன் குரல். ஆனால் சாவு அவனை விழுங்கிவிடும், பூமி காய்ந்துபோகும். தங்கை அனாத் அவனைத் தேடி அலைந்து, கடைசியில் அந்தச் சாவையே பிடித்து வெட்டி, புடைத்து, அரைத்து வயலில் தூவிவிடுவாள். அண்ணன் பிழைத்து வருவான், மழையும் வரும்.

"அப்போ மழ இல்லாதப்போ ஆளே உசுரோட இல்ல. செத்தவன் எப்டிங்க வருவான்? பூசாரிங்களுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சும் கூப்பிட்டிருப்பாங்க. வரலைன்னதும் தங்களோட உடம்பையே கத்தியால கீறிக்கிட்டாங்க."

"அதெதுக்கு?"

"சாமி வரலைன்னா தப்பு தங்களோடதுதான்னு நெனச்சிருப்பாங்க."

 மூன்று வருடம் முன்பு துலுக்கானத்தின் மகள் சொர்ணம் ஜுரத்தில் கிடந்தாள். பெண்டாட்டி நாகவல்லி பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்க, இவன் கோயிலில் கற்பூரம் ஏற்றி அம்மனைத் தொண்டை கிழியக் கூப்பிட்டான். ஒரு மயிர்க்கால்கூடச் சிலிர்க்கவில்லை. பிள்ளை போய்விட்டாள். அவள் காரணம் கேட்டபோது, சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் கூப்பிட்டதாகவும் அம்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் ஒரு பொய்யைச் சொன்னான். "ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கினு போயிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா" என்று அன்று தொடங்கியவள் இன்னும் ஓயவில்லை. இவனும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். உண்மையைச் சொன்னால் பொன்னியம்மனின் பெயர் என்னாவது?

நாடகத்தன்று மாலை மேளம் அடித்தபோது உடம்பு உதறவில்லை. பலிக்கான அட்டைக் காளையை விறகின்மேல் வைத்துத் துலுக்கானம் பாகாலைக் கூப்பிட்டான். முதலில் பையன்கள் விசிலடித்தார்கள். அவன் தகரக் கத்தியால் தோளைக் கீறிக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட, விசில் நின்றது. எலியா கேலி பேச வேண்டிய இடம் வந்தும் அந்த வேஷக்காரர் பேசவில்லை. உபதேசியார் ஓரத்திலிருந்து போதும் போதும் என்று கையாட்டியும் இவன் நிற்கவில்லை. கடைசியில் திரையை இழுத்து மூடினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் முகச்சாயத்தைக்கூடக் கழுவாமல் நாகவல்லி எதிரில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் எந்தச் சாவு ஊட்டுக்கும் போவல. குளிச்சிட்டு ஈரத்துணியோடதான் கூப்ட்டேன். அவ வர்ல."

நாகவல்லி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவளுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு, மூணு வருசமா என்னிய உன்னத் திட்ட வுட்டியே, பாவி."