ஏற்றத்தில் மிதிக்கும் வண்டி

மொபெட் என்ற சொல்லை நான் அகராதியில் தேடியது வயிற்றெரிச்சலில்தான். அக்கா கம்பளையிலிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்திருந்தாள். ஊரே ஸ்கூட்டரில் பறக்க, இவளுக்கு மட்டும் மிதி வைத்த வண்டி. சைக்கிளென்றால் சைக்கிள், மோட்டாரென்றால் மோட்டார், இது என்ன ரெண்டுங்கெட்டான் என்று கத்தினேன். நான் தமிழ் படிப்பிக்கிறவள். கோபம் வந்தாலும் கை அகராதிக்குத்தான் போகும்.

மோட்டாரின் தலையையும் பெடலின் தலையையும் வெட்டி ஒட்டி சுவீடன்காரர்கள் செய்த சொல்லாம் அது. பிற்பாடு வண்டியிலிருந்து மிதியைக் கழற்றிவிட்டார்கள். பெயரை யாரும் கழற்றவில்லை. அக்காவின் வண்டிக்கு இரண்டுமே இருந்தன. பதிவுப் புத்தகத்தில் அது மோட்டார் சைக்கிள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் 'மிஸ்ஸோட சைக்கிள்'. அக்கா அங்கே மருத்துவிச்சி வேலை பார்க்கிறாள்.

அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது பெற்றோல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில்தான். பஸ்ஸும் ஆட்டோவும் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. வாகனம் இல்லாமல் முந்தின மாதத் தடுப்பூசிக் கிளினிக் நின்றுபோயிருந்தது. கைக்குழந்தைகளுக்கு மறுபடியும் ஊசி தவறிவிடுமே என்று அக்கா சாப்பிடக்கூட இல்லை.

அடுத்த கிளினிக் நாளன்று கண்டியில் ஐஸ் வைத்த பெட்டியில் தடுப்பூசி மருந்தைக் கொடுத்தார்கள். ஐஸ் உருகினால் மருந்து குப்பைக்குத்தான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். டாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோல் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். சமதரையில் இன்ஜினை நிறுத்திவிட்டு வெறும் சைக்கிளாக மிதித்தாள். ஏற்றம் வந்ததும் இன்ஜினை முடுக்கினாள், ஆனால் காலை எடுக்கவில்லை. அது திணறுகிற இடத்திலெல்லாம் அழுத்தி மிதித்தாள்.

"அதுதான் இழுக்குதே, நீ ஏன் கெடந்து சாகுற?" என்றேன்.

"அது பாதி, நான் பாதி. எல்லாத்தையும் அதையே இழுக்க விட்டா பெற்றோலக் குடிச்சிரும். வாய மூடிட்டுப் பொட்டியப் புடி."

நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காசு இல்லாமல் வாங்கிய வண்டி என்று நான் நினைத்திருந்தேன். அவளோ இந்த மலையை நினைத்து வாங்கியிருக்கிறாள்.

பாதை வளைந்து தேயிலை தொடங்கும் முடக்கில் இன்ஜின் இருமத் தொடங்கியது.

"எறங்கு. இனி ரெண்டு பேரத் தாங்காது."

"நான் பின்னால தள்ளுறேன் அக்கா."

"நீ தள்ளி நாம போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் தண்ணியாயிரும். தாய்மாருங்க வேலைய விட்டுட்டுப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க."

பெட்டியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினாள். இருக்கையை விட்டு எழும்பி, மிதியின் மேலேயே நின்று மிதித்தாள். வண்டி ஆள் ஓடுகிற வேகத்தில்தான் ஏறியது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த முடக்கில் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தமும் அடங்கிவிட்டது. போய்ச் சேர்ந்துதான் அடங்கியதா, பாதி வழியில் பெற்றோல் தீர்ந்து அடங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

வாயில் வந்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டு நடந்தேன். மந்திரிமார் ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு முடக்கிலும் அவள் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாளோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். அதற்கு நடுவிலும் இவள் என் கூடப்பிறந்தவள் என்று எவ்வளவு பெருமையாக இருந்தது.

கடைசியில் பிள்ளைக்காம்பராவின் தகரக்கூரை தெரிந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. கிளினிக்கும் அங்கேதான். வண்டி வெளியே நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், தேயிலை மறைத்தது.

அப்போது உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை அது. "ஊசி போட்டு முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள். அது ஓய்வதற்குள் அடுத்தது வீறிட்டது. நான் றோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.