பதினாலு மாதம் மூடிக் கிடந்த டப்பாக்கள்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்ன அன்னதானக் கூடம் இருக்கிறது. தகரக் கூரை, நான்கு பெரிய அடுப்பு, ஒரு சாமான் அறை. அந்த அறைக்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று முடிவு செய்கிறவர் சரோஜா. அவரைப் பற்றி யாரும் இதுவரை எழுதியதில்லை, எழுதப்போவதும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். முதல் நாளே அவர் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சரோஜாவுக்கு வயது நாற்பத்தெட்டு. பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை போடுகிற குடும்பம். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தார். கணவர் சகாதேவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பன்னிரண்டு வருடமாக இந்தக் கூடத்தில் சமையல். பௌர்ணமி என்றால் நானூறு, ஐந்நூறு பேர் சாப்பிட உட்காருவார்கள். சாமான் எல்லாம் ஜனங்கள் கொடுப்பதுதான். பிறந்தநாளுக்கு ஒரு மூட்டை வரும், நினைவுநாளுக்கு ஒரு மூட்டை வரும். புதுசும் வரும், வீட்டை ஒழித்தபோது அகப்பட்டதும் வரும். கொண்டுவருகிறவர்கள் முகத்தில் மட்டும் ஒரே மாதிரி புண்ணியக் களை இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ கொடுத்த நெய்யை முகர்ந்து பார்க்காமல் கேசரியில் ஊற்றிவிட்டாராம் சரோஜா. வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்த ஓர் அம்மாள் ஒரு வாய் வைத்தார். முகம் மாறியது. துப்பவில்லை, திட்டவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "பசியிலதாம்மா வந்தேன்" என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார். அதன் பிறகு, சந்தேகப்பட்ட சாமான் எதுவானாலும் முந்தின நாளே ஒரு கைப்பிடி சமைத்து, தான் சாப்பிட்டுப் பார்க்காமல் சரோஜா அண்டாவில் போட்டதில்லை.

இனி என் கதை. நான் சக்கரபாணி. வேங்கிக்காலில் வீடு. அரசு அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் கோப்புகளில் தேதி பார்த்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். போன வருடம் என் மனைவி கன்னியம்மாளுக்கு மார்பில் கட்டி என்று வேலூருக்குப் போனோம். மகள் தேவிப்ரியா அங்கேதான் இருக்கிறாள். பதினாலு மாதம் அவள் வீட்டிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை நான் மட்டும் வந்து வீட்டைத் திறந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பூட்டிவிட்டுத் திரும்புவேன். சமையலறைப் பக்கம் போகவே மனசு வராது.

கன்னியம்மாள் வாயாடி. அவள் பேச்சை நிறுத்தச் சொல்லி நான் கத்தாத நாள் கிடையாது. வேலூரில் அவள் தானாகவே நிறுத்திவிட்டாள். முடி போனதற்குக்கூட அழவில்லை. அடுத்த மாதம், அடுத்த வருடம் என்கிற பேச்சே அவள் வாயில் வராமல் போனதுதான் என்னைப் பயமுறுத்தியது. பேத்திக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்த ஐப்பசியில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மி, சாப்பாட்டில் ஜாக்கிரதை என்றும் சொன்னார். கிளம்பும் தேதி முடிவானதும் கன்னியம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"என் டப்பாவெல்லாம் அப்படியே இருக்குதா?"

"அப்படியே இருக்குது" என்றேன்.

வீட்டைச் சுத்தம் செய்ய நான் முன்னால் வந்து அலமாரியைத் திறந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அரிசி, பருப்பு, புளி, மாவு, எண்ணெய், எல்லாம் அவள் கையால் நிரப்பி வைத்தது. எல்லாம் பதினாலு மாதப் பழசு. மொத்தமாகக் கொட்டிவிட்டால், அவள் திரும்பி வரமாட்டாள் என்று நான் அடுப்படியையே ஏறக்கட்டிவிட்டதாக அவளுக்குத் தோன்றும். அப்படியே விட்டால், அதைச் சாப்பிட்டு அவளுக்கு ஏதாவது ஆகும். இரண்டு நாள் சமையலறை வாசலில் நின்று நின்று பார்த்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். தேதி அச்சடித்த பாக்கெட்டுகளை, அதாவது மைதா, ரவை, சேமியா, எண்ணெய் பாக்கெட் இரண்டு, எல்லாவற்றையும் பையில் போட்டு மொபெட்டில் வைத்து அன்னதானக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மறுநாள் ஐப்பசி பௌர்ணமி. வீணாகவும் போகாது, நாலு பேர் வயிறும் நிறையும் என்று கணக்குப் போட்டேன்.

சரோஜா மைதாவைப் பிரித்து, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். கசந்திருக்க வேண்டும். பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? உங்க வூட்ல இதைச் சாப்பிடுவீங்களா?"

"வீட்ல உடம்பு முடியாதவங்க வர்றாங்கம்மா. அவங்களுக்கு ஆகாது. அதனாலதான்…"

"அவங்களுக்கு ஆகாதது, பதினாலு கிலோமீட்டர் நடந்து வர்றவங்களுக்கு ஆகுமா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அதுவும் கைவிட்டது. சொல்ல வந்தது வேறு, வாயில் வந்தது வேறு. வேலூர், கட்டி, பதினாலு மாதம், டப்பா, எல்லாவற்றையும் அங்கேயே ஒரு தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சரோஜா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பௌர்ணமி முடியட்டும் சார். நாளன்னிக்கு மத்தியானம் வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

சொன்னபடி வந்தார். வந்ததும் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார். இரண்டு அரிசியைக் கடித்தார். முறத்தில் கொட்டிப் புடைத்தபோது வண்டு ஓடியது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"வண்டு இருந்தா இன்னா? இந்த அம்மா மருந்து போடாம வெச்சிருக்காங்கனு அர்த்தம். வெயில் வர்ற நேரமா பார்த்து காயவெச்சு புடைச்சுக்கலாம். பழைய அரிசி, நல்லா உதிரியா வரும்."

புளியைப் பார்த்ததும் அவர் முகமே மலர்ந்தது. கறுத்துப்போய்க் கிடந்த அதை நான் முதலில் தூக்கிப்போட இருந்தேன். "பழம்புளி சார் இது. எனக்குக் குடுத்தா ஓடிப்போயிடுவேன்" என்றார். துவரம்பருப்பில் கன்னியம்மாள் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தாள். அதில் ஒரு கைப்பிடி வேகவைத்து, தான் முதலில் தின்றார். "கொஞ்சம் ஜாஸ்தி நேரம் ஊறணும், வேற ஒண்ணும் இல்ல." எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார், காரல் அடித்தது. "கதவுக் கீலுக்குப் போடுங்க." மிளகாய்த்தூள், கோதுமை மாவு, கடலை மாவு மூன்றும் போயின.

கடைசியாக மல்லாட்டை பாட்டில். கன்னியம்மாளின் அண்ணன் நிலத்தில் விளைந்தது. வேலூருக்குக் கிளம்புகிற அன்று காலையில்கூட உட்கார்ந்து உரித்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சரோஜா ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து என்னிடம் காட்டினார். நடுவில் பச்சையாக ஒரு பூசணம்.

"எல்லாத்தையும் கொட்டணும்."

"நல்லதாப் பொறுக்கி எடுத்துக்கலாமே?"

"நான் மல்லாட்டைக் கொல்லையிலயே வளர்ந்தவ சார். இதுல பொறுக்கறதுன்ற பேச்சே இல்ல. ஒண்ணு புடிச்சா பாட்டிலே போச்சு. வறுத்தாலும் அந்த விஷம் போவாது, நேரா ஈரலுக்குப் போவும்."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பதினாலு மாதமாக யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்த கோபம் அத்தனையும் அந்த அம்மாள்மேல் போனது. "அவ கையால உரிச்சது இது! அது உங்களுக்குப் புரியுதா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது.

சரோஜா பாட்டிலை மூடி என் கையில் கொடுத்தார். "புரியுது சார். அவங்க கைப்பட்டதுனு இதைக் காப்பாத்தி வெச்சீங்கனா, அவங்களை யாரு காப்பாத்தறது?"

எழுந்துபோய்த் தென்னைமரத்தடியில் குழி தோண்டினேன். ஆடு மாடு வாய் வைத்துவிடக் கூடாது என்று ஆழமாகத் தோண்டச் சொன்னார். கொட்டி மூடியதும், ஏனோ மூச்சு சுலபமாக வந்தது.

காலி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தோம். அன்றைக்கே கடைக்குப் போய் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம் என்று நான் பையை எடுத்தேன். சரோஜா தடுத்தார்.

"நாலு நாளைக்கு வேணுங்கறதை மட்டும் வாங்குங்க. மிச்சம் காலியாவே இருக்கட்டும்."

"வெறும் டப்பாவைப் பார்த்தா அவ மனசு கஷ்டப்படுமேம்மா."

"படட்டும் சார். எல்லாத்தையும் நீங்களே ரொப்பி வெச்சீங்கனா, அவங்க வந்து இன்னா பண்ணுவாங்க?"

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்டேன். என் வாழ்க்கையில் அதிகம் வாதாடாமல் கேட்ட ஒரே யோசனை அதுதான்.

புதன்கிழமை கன்னியம்மாள் வந்தாள். தலையில் துணி, சுவரைப் பிடித்த நடை. படுக்கப் போகவில்லை, நேராகச் சமையலறைக்குத்தான் போனாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். அரிசியை அளைந்தாள், புளியை முகர்ந்தாள். பிறகு காலி டப்பாக்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. நான் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"யாரு பார்த்தது?"

சரோஜாவைப் பற்றிச் சொன்னேன்.

"மல்லாட்டை?"

"கொட்டிட்டோம். பூசணம்."

கையில் இருந்த டப்பாவை மூடி வைத்தாள். "நல்லவேளை. உங்களை நம்பினா வறுத்துத் தின்னிருப்பீங்க" என்றாள். வேலூர் போன பிறகு அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அந்த நிமிடம் சரோஜா எதிரில் இருந்திருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன், சத்தியமாக.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேப்பரும் பேனாவும் கேட்டாள். கை நடுங்கியதால் என்னை எழுதச் சொன்னாள். கடலை மாவு அரை கிலோ, மிளகாய் ஒரு கிலோ, மல்லி, நல்லெண்ணெய் என்று வரிசையாகப் போனது. கடைசியில், "கல் உப்பு மூணு கிலோ" என்றாள்.

"மூணு கிலோவா? எதுக்கு?"

"மாங்கா ஊறுகா போடத்தான்."

"மாங்கா சித்திரையிலதானே வரும்? இப்ப ஐப்பசி."

"வரட்டுமே. நான் இங்கதானே இருக்கப்போறேன்" என்றாள்.

நான் எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அவள் பேப்பரை வாங்கிப் பார்த்து, மூன்றை அடித்துவிட்டு, நடுங்கும் கையால் நான்கு என்று எழுதினாள்.