பவானியின் முழங்கை

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், ஒரகடம் சாலை வருவதற்குள் தைல டப்பாவைத் திறந்துவிட்டாள். வேலைக்குப் புதியவள், பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது. சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையின் உள்பக்கமாக அழுத்தித் தேய்த்தாள். ஏசி பஸ், ஜன்னல் திறக்க வழியில்லை. முன் சீட்டில் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள்.

கல்லூரியில் என் விளையாட்டுப் பை முழுக்க இந்த வாசனைதான். நான் பேஸ்பால் ஆடினேன். திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. என் அப்பா நான் படித்து முடிக்கிறவரை அதைப் ‘பேஸ்கட்பால்’ என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். அதிலும் நான் இரண்டாவது பிட்ச்சர். கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி இதில் பிட்ச்சர். ஆனால் ஓடி வர முடியாது, ஒரு மண்மேட்டில் நின்றபடி எறிய வேண்டும். எங்கள் முதல் பிட்ச்சருக்கு மூன்று வருடத்தில் ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. நான் மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினேன். தைலம் மட்டும் நிறையத் தேய்த்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பையில் இரண்டு தோல் கையுறைகள், நாலு பந்துகள், நசுங்கிய ஒரு தொப்பி. மண்ணூர் பக்கத்தில் பெண்கள் விடுதி. ஒரு அறைக்கு ஆறு பேர். என் பை கட்டிலுக்கடியில் போகவில்லை என்று முதல் நாளே சண்டை.

லைனில் எனக்கு அடுத்த இடம் கஸ்தூரி அக்காவுடையது. உள்ளூர்க்காரர், புருஷனுக்கு இருந்த கொஞ்ச நிலம் போனபிறகு வேலைக்கு வந்தவர். தலைக்கு மேலே தொங்குகிற மின் திருப்புளியை இழுத்து, ஒரு மூடிக்கு நாலு திருகாணி முடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான். நான் பேசினால் அக்காவுக்குப் பாதி புரியாது, அவர் பேசினால் எனக்குப் பாதி. ஒரு வாரம் கழித்து அவரே சொன்னார்:

“ஆஸ்டல் சோறு துன்னு இன்னாத்துக்கு இளைக்கிற? ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா.”

போனேன். சோறு வேகிறதற்குள் தெருவில் பெரிய கூச்சல். பக்கத்துக் காலி மனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகள் பவானி, எட்டாம் வகுப்பு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

“மாங்கா அடிக்கிறா! நோ பாலு! வூட்டுக்குப் போடி!” என்று கத்தினார்கள்.

பந்துவீசும்போது முழங்கையை மடக்கி எறிந்தால் அது மாங்கா அடிப்பது. தெருக் கிரிக்கெட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கோபத்தில் அவள் கையிலிருந்த பந்தைச் சுவரைப் பார்த்து விட்டெறிந்தாள். அந்த எறிதலை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. இடது கால் முன்னே ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் பின்னாலேயே வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

நான் கிட்டே போய், “ஏட்டி, மாங்கா மட்டுமே அடிக்கிற வெளையாட்டு ஒண்ணு இருக்கு, தெரியுமா?” என்றேன்.

அவள் முதலில் எங்கள் ஊர் ‘ஏட்டி’க்குச் சிரித்தாள். பிறகுதான், “மெய்யாலுமா?” என்று கேட்டாள்.

அப்படித் தொடங்கியது. ஊருக்கு வெளியே ஏதோ கம்பெனிக்காக எடுத்துப்போட்ட நிலம், கட்டடம் வராமல் முள் மண்டிக் கிடந்தது. அதில் ஒரு மூலையைச் சுத்தம் செய்தோம். ஏரிப்பக்கமிருந்து கூடையில் மண் சுமந்து வந்து மேடு போட்டோம். காலை வேலையான ஏ ஷிப்ட் வாரங்களில் மாலையில் பயிற்சி, மற்ற வாரங்களில் காலையில். பெண்களும் பையன்களுமாகப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அவர்கள் பள்ளியின் பி.டி. சாரும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, காஞ்சிபுரத்தில் நடக்கிற ஒரு போட்டிக்குப் பள்ளியின் பெயரிலேயே போகலாம் என்றார்.

அதுவரை நான் நல்ல கோச். கையின் பலத்தில் எறியாதே, காலின் பலத்தில் எறி என்று சொல்லிக்கொடுத்தேன். முழங்கை தோளுக்குக் கீழே தொங்கக்கூடாது, எறிந்தபிறகும் கை தன் போக்கில் போய் முடியட்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். போட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. பெஞ்சில் கழிந்த மூன்று வருடமும் எழுந்து உட்கார்ந்துகொண்டன என்று வையுங்களேன். பவானி எறிந்தால் ஜெயிக்கலாம். ஆகவே பவானி எறிந்தாள். தினமும், இருட்டி பந்து தெரியாமல் போகும்வரை.

மூன்றாவது வாரம் அவள் தண்ணீர்க் குடத்தை இடது கையால் தூக்கினாள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

“ஏட்டி, கை வலிக்கா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா.”

அந்த பதில் எனக்குத் தோதாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் லைனில் வேறொரு தகராறு. கஸ்தூரி அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்களை இடம் மாற்றிவிடச் சொல்லி நாங்கள் இருவரும் சூப்பர்வைசரிடம் போனோம். ஒரே கை ஒரே வேலையைச் செய்தால் எப்படித் தாங்கும் என்று நான்தான் முன்னால் நின்று பேசினேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “இன்னும் ரெண்டே வாரம்மா. டார்கெட் முடியட்டும், பாக்கலாம்” என்றார். கேன்டீனில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நாலைந்து நாள் கழித்து, அதே கேன்டீனில், டீ இடைவேளையில் அக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

“பாப்பா ரெண்டு நாளா தல வாரிக்க மாட்டேங்குது. என்னிய பின்னி வுட சொல்லுது. இன்னாடீன்னு கேட்டா வாயத் தெறக்கல. கை மேல போவலன்னு நெனைக்கிறேன்.”

அவள் இடது கையால் குடம் தூக்கியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் தானாகப் பேசியது: “இன்னும் பத்தே நாளுதாம்க்கா. மேட்ச் முடியட்டும், பாத்துக்கிடலாம்.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

“நீயும் அவன் மாரியே சொல்ற பாரு” என்றார். அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது, எழுந்து போய்விட்டார். அன்று மீதி ஷிப்ட் முழுக்கப் பக்கத்துப் பக்கத்தில் நின்று திருகாணி முடுக்கினோம்.

மறுநாள் மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். எலும்பு முறியவில்லை, ஆனால் வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் முனை இன்னும் இறுகியிருக்காது, ஒரே இடத்தில் ஓயாமல் இழுத்தால் அது தாங்காது என்றார் டாக்டர். வலி சுத்தமாகப் போகிறவரை பந்தைத் தொடக்கூடாது, அப்புறமும் படிப்படியாகத்தான். “யாரு இந்தப் பொண்ணுக்கு கோச்?” என்று கேட்டார். நான்தான் என்றேன்.

வெளியே வந்ததும் பவானி அழுதாள். வலியால் அல்ல.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“வலிக்குதுன்னு சொன்னா வேற ஆளப் போட்ருவீங்க. நீங்கதான சொன்னீங்க, பெஞ்சுல குந்திகினு கைதட்டுறது மாரி கஷ்டம் வேற கெடயாதுன்னு.”

சிரிப்பு மூட்டுவதற்காக நான் சொன்ன கதை. அந்தப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது பாருங்கள். அக்கா மகளின் வலது கையைத் தன் வீங்கிய கையால் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றார். அந்த வாரம் வல்லக்கோட்டை முருகனுக்கு நடந்து போய்வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடவில்லை.

போட்டிக்குப் போனோம். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு முப்பது எறிதலுக்கு மேல் இல்லை என்று பங்கிட்டு எறிந்தார்கள். பவானி என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எறிதலையும் வாய்விட்டு எண்ணினாள். முப்பது வந்ததும் எனக்கு முன்னால் அவளே கத்தினாள்: “போதும்டா தினேசு, எறங்கு!”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு!” என்று அவன் மேட்டிலிருந்து கெஞ்சினான்.

“எறங்குடான்னா!”

நன்றாகத் தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்காதீர்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் சேர்ந்துகொள்ளவில்லை. தோற்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

அப்புறம் எங்கள் மைதானத்துச் சட்டம் மாறியது. அடுத்தடுத்த நாளில் யாரும் மேட்டில் ஏறக்கூடாது. பந்தை முறுக்கி வளைத்து எறியும் வித்தைகள் இந்த வயதில் வேண்டாம். வலிக்கிறது என்று முதலில் சொல்கிறவருக்கு அன்று தண்ணீர் சுமக்கும் வேலை இல்லை. இந்தக் கடைசிச் சட்டத்தை தினேஷ் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டான். அவனுக்குக் காது மடல்கூட வலித்தது. பவானி மூன்று மாதம் கழித்து, பத்தடி தூரத்திலிருந்து, கோலிக்குண்டு போடுகிற மாதிரி மெதுவாகத் தொடங்கினாள். ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் நான் அவள் வாய் சொல்வதை நம்பவில்லை, முகத்தைப் பார்த்தேன். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்குப் பல இன்னிங்ஸ் உண்டு; மறு வருடம் அதே போட்டியில் அவள் இரண்டு இன்னிங்ஸ் எறிந்தாள். மூன்றாவதற்குத் தானே கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள்.

அவள் கை சரியாகிவிட்டது. கஸ்தூரி அக்காவுடையது ஆகவில்லை. சூப்பர்வைசர் சொன்ன இரண்டு வாரம் ஏழெட்டு மாதமாக நீண்டது. இடம் மாற்றும் ஏற்பாடு வந்தபோது அக்காவால் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. வேலையை விடுவதற்கு முந்தின நாள் என்னிடம், “பாப்பாவ நிறுத்துனோமே, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லணும். என்னிய நிறுத்த ஆளில்ல” என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

பவானி இப்போது கல்லூரி முடிக்கப் போகிறாள். விளையாடுவதில்லை. “டைம் எங்கக்கா கீது” என்கிறாள். தினேஷ் ஓட்டுநராகிவிட்டான் என்கிறார்கள். அந்தக் குழு எந்த நாளில் கலைந்தது என்றே எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு நாலு பேர் வந்தார்கள், அடுத்த ஞாயிறு எனக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். நிலம் முழுக்கத் தகரக் கூரை போட்ட கிடங்கு. நாங்கள் மேடு போட்ட இடம் எதுவென்று சாலையிலிருந்து அளந்து பார்த்தேன். லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கிற சிமெண்டுத் தளத்துக்கு அடியில் இருக்க வேண்டும். வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைக் காவலாளி வந்து விசாரித்தார்.

“இன்னா மேடம், யாரப் பாக்கணும்?”

“யாரையும் இல்லண்ணே” என்றேன். ஒரு லாரி உள்ளே நுழையக் காத்திருந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.