கல்வெட்டில் ஓர் இங்கிலீஷ் பக்கம்

நேற்று ஊர்க்காரர் ஒருவரின் மரணச் செய்தி கைபேசியில் வந்தது. அதன் கீழே கண்ணீர் கொட்டும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டி நின்றன. நானும் ஒரு முகத்தைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். துக்கம் கொட்டுவது இப்போது அவ்வளவு சுலபம். எங்கள் காலத்தில் அதற்கு அச்சுக்கோர்க்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் நான் அச்சுக்கோர்த்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய் இல்லை, கடதாசி இல்லை, குளிக்கச் சவர்க்காரம்கூட இல்லை. ஆனால் கல்வெட்டு வெளிவராமல் எங்கள் ஆட்கள் ஒருவரும் முழுதாகச் செத்ததில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வாசிக்கும் நினைவுப் புத்தகம் அது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று உறவுமுறைப்படி அழுகை இருக்கும். எல்லாருக்காகவும் அழுவது ஒரே புலவர்தான்.

ஒருநாள் புத்தூரிலிருந்து கிளாக்கர் ஐயா வந்தார். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வெங்காயத் தோட்டம் செய்த அவருடைய தமையன் இறந்திருந்தார். கிளாக்கர் ஒரு பழைய அகராதியைக் கரைத்துக் குடித்து, முழுப்பக்கம் இங்கிலீஷில் அழுது கொண்டுவந்திருந்தார். எஃப்யூஷன், எபுலிஷன், லைபேஷன், லக்ரிமோஸ்! எங்களிடம் இருந்த இங்கிலீஷ் எழுத்துகள் கலியாணக் கார்டுக்கு அளவானவை. என்னுடைய இங்கிலீஷும் அவ்வளவுதான், சிரிக்காதீர்கள்.

"எபுலிஷன் எண்டால் என்ன, ஐயா?"

"பொங்கி வழியிறது தம்பி. உள்ளுக்கை கிடக்கிற சோகம் அப்பிடியே பொங்கி வழியிறது. உதுகளுக்கெல்லாம் தமிழிலை சொல்லில்லை."

இதைச் சொல்லும்போது அவருடைய கண் காய்ந்துபோய் முற்றுப்புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

கடதாசி போதாது, ஒரு பக்கத்தை எடுத்தாக வேண்டும் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"மச்சாளின்ரை புலம்பலை எடும். அவ என்ன, வாசிக்கவோ போறா?"

அடுத்த நாள் பின்னேரம் அந்த மச்சாளே, இறந்தவரின் மனைவி, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். கையில் மகனின் எழுதாத பள்ளிக்கூடக் கொப்பி.

"கடதாசி இல்லையெண்டு என்னை வெட்டிப்போட்டியளாம். இந்தாரும் கடதாசி. என்ரை பக்கத்தை இதிலை அடியும்."

நான் புலவரின் பாட்டை எடுத்தேன்.

"உது வேண்டாம் தம்பி. அவரோடை நான் பாட்டிலை கதைச்சதில்லை. நான் சொல்லுறதைப் போடும்."

நின்றபடியே சொன்னார். நான் கேட்கக் கேட்கக் கோர்த்தேன். எழுத்து மங்கித் தெரிந்ததற்கு விளக்கு வெளிச்சம் மட்டும் காரணமில்லை.

அந்தியேட்டி வீட்டில் கல்வெட்டு வாசிக்கக் கிளாக்கரே எழும்பினார். இங்கிலீஷ் பக்கத்தைக் கையை ஆட்டி ஆட்டி வாசித்தார். சபை வடையைக் கடித்துக்கொண்டு தலையாட்டியது. எனக்குப் பக்கத்திலிருந்தவர், "ஐயர் சொல்லாமல் விட்ட மந்திரமெல்லாம் உவர் சொல்லுறார்" என்று மெச்சினார். பிறகு பக்கம் புரண்டது. கோடு போட்ட கொப்பித்தாள். மனைவி புலம்பல். கிளாக்கர் அதே குரலில் தொடங்கினார்:

"இஞ்சாருங்கோ, பம்புக்கு எண்ணெய் இல்லையெண்டு கையாலை இறைச்சு இறைச்சுத்தானே உங்கடை நெஞ்சு அடைச்சது. விடுங்கோ எண்டு எவ்வளவு சொன்னனான்..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. அந்த அண்ணன் தண்ணீர் இறைத்த தோட்டத்து வருமானத்தில்தான் அவர் இங்கிலீஷ் படித்தார். "அண்ணை!" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு குழந்தைபோல விக்கி விக்கி அழுதார். அகராதியில் இருந்த அத்தனையும் நடந்தது, ஒரு சொல்லையும் அவர் தேடவில்லை.

மிச்சத்தை அறைக்கதவடியில் நின்ற மச்சாள்தான் சொல்லி முடித்தார்.

"இஞ்சாருங்கோ, வெங்காயம் தப்பிப் பிழைச்சிட்டுது."

தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்குப் பயந்து ஊரோடு ஊராக நாங்கள் வெளிக்கிட்டபோது அச்சகம் எழுத்துகளோடு அங்கேயே நின்றது. திரும்பி வந்தபோது அதன் சுவர்கூட இல்லை. அந்தக் கல்வெட்டில் ஒரு பிரதியும் எங்கும் கிடைக்கவில்லை. எஃப்யூஷனும் எபுலிஷனும் இன்றைக்கும் எந்தக் கடை அகராதியிலும் இருக்கும். அந்த மனுசி சொன்னது எனக்கு மட்டும்தான் மனப்பாடம்.