நோய் என்றால் நாங்கள்

இத்தாலிக்கு வந்த முதல் கிழமையிலேயே எங்களுடைய ஆட்கள் எல்லோரும் சிரிக்கிற ஒரு சிரிப்பு உண்டு. இத்தாலிய மொழியில் 'நாங்கள்' என்பதற்கு 'நோய்' என்று சொல்லவேண்டும். 'நீங்கள்' என்பதற்கு 'வோய்'. "நாங்கள் எண்டாலே நோய்தான், சரியாத்தான் பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்று என் கணவர் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் மனுசனுக்கு முகம் விழுந்துவிடும்.

தொண்ணூற்றெட்டில் நான் பலெர்மோ நகரத்தில், கால்சா என்கிற பகுதியில் ஒரு அமெரிக்கர் வீட்டில் வேலை செய்தேன். ஒரு அக்காவும் தம்பியும். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவர்களுடைய பாட்டன் காலத்தில் குடும்பம் பலெர்மோவிலிருந்து கப்பலேறிப் போனதாம். அக்காவுக்குப் புருஷன் செத்துவிட்டார், தம்பி கலியாணமே கட்டவில்லை. கடைசிக் காலத்தை ஒன்றாகக் கழிக்கவென்று, திருத்திக் கட்டிய ஒரு பழைய மாளிகையில் இரண்டாம் மாடியை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தம்பிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கிட்ட வந்தால் ஆள் யாரென்று தெரியும், எழுத்துத் தெரியாது. அவருக்கு எல்லாம் அக்காதான். மருந்து எடுத்துக்கொடுப்பது, நகம் வெட்டிவிடுவது, பேப்பர் வாசித்துக் காட்டுவது.

அந்தப் பேப்பரை நான்தான் வாங்கிக்கொண்டு போவேன். அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் அறையிலிருந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்கு நடந்து, அங்கே ஒரு கடையில் ஒருநாள் பழசான இங்கிலிஷ் பேப்பரை எடுத்துக்கொண்டு கால்சாவுக்குப் போவேன். அக்கா ஒரு மணித்தியாலம் வாசிப்பா, தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நான் தூசி தட்டுவேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வீடு.

எனக்கு இங்கிலிஷ் தெரியாது. அவர்களுக்கு இத்தாலியன் அரைகுறை. என்னுடையதோ சிஞ்ஞோராமார் என்கிற வீட்டுக்கார அம்மாமாரின் குசினிகளில் நின்று காதால் பொறுக்கியது. தம்பிதான் எல்லோரையும்விட மோசம். நோயையும் வோயையும் எப்போதும் மாற்றித்தான் சொல்லுவார். "நோய் சாப்பிட்டாச்சா?" என்று என்னைக் கேட்பார். 'நாங்கள் சாப்பிட்டாச்சா' என்று அர்த்தம். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு அந்த அரியண்டத்தை விட்டுவிட்டேன். அவர் நோய் என்றால் நான் மனதுக்குள் வோய் என்று மாற்றிப் போட்டுக்கொள்வேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அது அவர்களுடைய ஜனாதிபதி ஒரு பெண் விவகாரத்தில் பொய் சொல்லி மாட்டுப்பட்ட வருடம். அக்கா அந்த ஜனாதிபதியின் கட்சி. தம்பி மற்றக் கட்சி. ஒரு வயிற்றில் பிறந்தவைதான், ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

ஒருநாள் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கிளம்பியது. இரண்டு பேரும் பிறகு தனித்தனியே குசினிக்கு வந்து என்னிடம் முறைப்பட்டதால்தான் விஷயம் தெரியும்.

"அவ வரி விட்டு வாசிக்கிறா. தன்ரை ஆளைப் பற்றி எழுதினதை எல்லாம் விழுங்கிப்போட்டு வாசிக்கிறா. நான் குருடன் எண்ட துணிவு" என்றார் தம்பி.

அக்காவிடம் கேட்டேன். "சிஞ்ஞோரா, உண்மையாவோ?"

"ரெண்டு வரிதான். உந்தப் பொய்களை அவன் ஏன் கேக்கவேணும்?"

அன்றோடு வாசிப்பு நின்றது. பேச்சுப் பறைச்சலும் நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னைத்தான் தூது அனுப்பினார்கள். யன்னலைச் சாத்தச் சொல்லு, சூப்புக்கு உப்புக் காணாது என்று சொல்லு, உன்ரை ஜனாதிபதி பொய்யன் என்று சொல்லு, உன்ரை ஆக்கள் வேஷக்காரர் என்று சொல்லு. நான் ஒரு கையில் தும்புத்தடியும் மறுகையில் அமெரிக்காவுமாக இரண்டு பேருடைய அறைகளுக்கும் நடுவில் இருந்த நீள நடையில் அங்கும் இங்கும் போய்வந்தேன். எனக்கு விசர் பிடிக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அக்காவைக் கேட்டே விட்டேன். "சிஞ்ஞோரா, அந்த மனுசன் பொய் சொன்னது சொன்னதுதானே. ஓமெண்டு ஒருக்காச் சொன்னால் என்ன குறைஞ்சுபோடும்?"

"சொன்னவர்தான். ஆனா அவங்கள் செய்தது?"

தம்பியைக் கேட்டாலும் அதே ஆனா, அதே அவங்கள்.

பெரிய நியாயவாதி மாதிரி எழுதுகிறேன். நான் மட்டும் என்ன திறம்? பலெர்மோவுக்கு வந்த முதல் வருடம் ஒரே கட்டிலில் என்னோடு படுத்தெழும்பிய பெட்டை ஒருத்தி இருந்தாள். அவளுடைய தமையன் ஊரில் எங்களுடைய இயக்கத்துக்கு எதிரான மற்ற இயக்கத்தில் இருந்தவன். அவனை எங்களுடைய ஆட்கள் சுட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அவள் தரையில் கிடந்து அழுதாள். "ஏன், உங்கடை ஆக்கள் செய்யாததோ?" என்று நான் கேட்டேன். அதுதான் நான் அவளுடன் கடைசியாகக் கதைத்தது. பிறகு பலாரோ சந்தையில் எதிரே வந்தாலும் இருவரும் கத்தரிக்காயைப் பார்ப்போம். எனக்கு இன்றைக்கும் அது வெட்கம். அன்றைக்கு வெட்கமாக இருக்கவில்லை.

மார்கழியில் அக்கா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துவிட்டா. திரும்பி வருகிற டிக்கெட் இல்லை. தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துப் போத்தல்களைத் தடவித் தடவி, எது எதென்று தானாகவே பழகிக்கொண்டிருந்தார். அவ போனால் இந்த மனுசன் இந்தப் பெரிய வீட்டில் தனியே கிடந்து சாகப்போகிறது என்று நினைத்தேன்.

அவ போக மூன்று நாள் இருந்தது. தம்பி காலையில் றேடியோவில் இங்கிலிஷ் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கட்சியில் அந்த ஜனாதிபதிக்கு எதிராக அதிகமாகக் குரைத்த பெரிய மனிதர் ஒருவருக்கும் அதே மாதிரி ஒரு கள்ளத் தொடர்பு இருந்தது வெளியில் வந்துவிட்டதாம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் கண்டதெல்லாம், அவர் றேடியோவை நிற்பாட்டியதுதான். நான் தரை துடைத்து முடித்தேன். அவர் கூப்பிட்டார்.

"அக்காட்டைப் போய்ச் சொல்லு. நோய் பிழை. நோய் சரியான பிழை."

குரல் வழக்கம்போல இல்லை, பதிந்திருந்தது. ஒரு கணம் எனக்கும் தட்டியது, உண்மையிலேயே 'நாங்கள் பிழை' என்று சொல்கிறாரோ என்று. சீ, கண்டறியாத கதை என்று தள்ளிவிட்டேன். தன்னுடைய பக்கம் பிழை என்று தானாகவே ஆள் விட்டுச் சொல்லியனுப்புகிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. என் வீட்டில் இல்லை, ஊரில் இல்லை, இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் இல்லை. மனுசன் வழமைபோல மாற்றித்தான் சொல்லுது என்று நினைத்து, நானும் வழமைபோல மாற்றிப் போட்டேன்.

அக்கா கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா.

"சிஞ்ஞோரா, வோய் பிழையாம். வோய் சரியான பிழை எண்டு சொல்லச் சொன்னவர்."

கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தா. "சரி" என்றா. அவ்வளவுதான்.

அவ ரோமுக்கு ரயிலில் போய் அங்கிருந்து விமானம் ஏறுவதாக ஏற்பாடு. ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு நான்தான் பெட்டியோடு கூடப்போனேன். தம்பி கதவுவரைகூட வரவில்லை. பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு மேடையில் நின்றேன். அக்கா யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தனான். 'நாங்களும் பிழை' எண்டு அவன் ஒருக்காச் சொல்லியிருந்தா, நானும் என்ரை ஆளின்ரை பொய்யை ஒத்துக்கொண்டிருப்பன். வரி விட்டு வாசிச்சதுக்கும் மன்னிப்புக் கேட்டிருப்பன். கடைசியா ஆள் விட்டுச் சொன்னான். அப்பவும் 'நீங்கள் பிழை' எண்டுதான் சொன்னான்."

அந்த மனுசன் அன்றைக்கு மாற்றாமல்தான் சொல்லியிருக்கிறது. ரயில் உடனே வெளிக்கிடவில்லை. ஐந்து நிமிடமாவது நின்றது. 'சிஞ்ஞோரா இறங்குங்கோ, பிழை என்னிலை' என்று சொல்ல அந்த ஐந்து நிமிடம் தாராளமாகக் காணும். வாய்வரை வந்தது. ஆனால் எனக்குள் வேறொன்று கணக்காக எழும்பி நியாயம் பேசியது: பிழை என்னிலையோ, நோய் வோய் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுசனிலையோ? இவவும்தான், அறைக்குப் போய் நேரே கேட்டிருக்கக் கூடாதோ? நான் சம்பளத்துக்கு வீடு கூட்ட வந்தவள். நியாயங்கள் முடிவதற்குள் ரயில் போய்விட்டது.

திரும்பி வீட்டுக்குப் போனேன். தம்பி அதே கதிரையில் இருந்தார். என் காலடிச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தினார்.

"அண்டைக்கு நான் சொன்னதை அவவிட்டைச் சொன்னியா?"

"ஓம், சொன்னன்."

"நான் சொன்ன மாதிரியே?"

"ஓம்."

"அதுக்கு என்ன சொன்னவ?"

இன்னொருமுறை எனக்கு வாசல் திறந்துகிடந்தது. ரோமில் அவ தங்கப்போகிற ஹோட்டலுக்கு ஒரு போன் எடுத்தால் போதும்.

"ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கனநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல மெல்லப் பழையபடி இறுகியது. "பார்த்தியா? அவங்கள் அப்பிடித்தான்" என்றார். 'அவங்கள்' என்ற சொல்லை மட்டும் அவர் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை.

"ஓம் சிஞ்ஞோரே, அவங்கள் அப்பிடித்தான்" என்றேன்.